உலகத்துல மிச்சம் ஒரே ஒரு செடி... அதுவும் காய்க்காது! ஒரு காட்டுக் காப்பி பிழைத்த கதை

1980-ம் ஆண்டு. இந்தியப் பெருங்கடலின் நடுவே ரோட்ரிக்ஸ் என்று ஒரு குட்டித் தீவு. அங்கே ஒரு பள்ளி ஆசிரியர், தன் மாணவர்களுக்கு வித்தியாசமான வீட்டுப்பாடம் கொடுத்தார். 'இந்தத் தீவில் மட்டுமே வளரும் அரிய செடிகளைத் தேடிக் கொண்டு வாருங்கள்.' அடையாளம் தெரிய வேண்டுமே? ஒரு பழைய படத்தையும் காட்டினார். பல வருடங்களுக்கு முன்பே அழிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த ஒரு செடியின் படம் அது.

ஒரு பையன் ஒரு கிளையோடு வந்து நின்றான். 'இது எங்க பக்கத்துல இருக்கு சார்.'

கிளை லண்டனில் இருக்கும் க்யூ தாவரவியல் பூங்காவுக்குப் போனது. அங்கிருந்த நிபுணர்கள் பார்த்துவிட்டு உறுதி செய்தார்கள். அழிந்துபோன செடி அழியவில்லை. ஆனால், மொத்த உலகத்துக்கும் அது ஒன்றே ஒன்றுதான்.

இதோடு கதை முடிந்திருந்தால், 'ஆச்சர்யம்... ஆனால் உண்மை' பகுதியில் நாலு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். உண்மையான சிக்கலே இதற்கு அப்புறம்தான் ஆரம்பம். அந்தச் செடி உயிரோடு இருந்தது. பூத்தது. ஆனால், அதற்குக் காய்க்கத் தெரியவில்லை.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்வோம்

ரோட்ரிக்ஸ், மொரீஷியஸ் நாட்டைச் சேர்ந்த தீவு. மொரீஷியஸ் என்றதும் உங்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வரலாம். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். அதே நோட்டுதான் ரோட்ரிக்ஸிலும் செல்லும். மொரீஷியஸின் பெரிய தீவிலிருந்து கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர் கடல் தாண்டினால் இது வரும். பரப்பளவு 108 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பில் கால்வாசி, அவ்வளவுதான்.

கடலுக்கு நடுவே எரிமலையால் உருவான தீவு இது. எந்தக் கண்டத்தோடும் ஒட்டி இருந்ததில்லை. அதனால், காற்றிலும் கடலிலும் பறவைகளோடும் வந்து சேர்ந்த சில உயிர்கள் லட்சக்கணக்கான வருடங்கள் தனியாகவே வளர்ந்து, வேறு எங்கும் இல்லாத இனங்களாக மாறின. டோடோ பறவை தெரியும் இல்லையா? அதன் சொந்தக்காரப் பறவை ஒன்று ரோட்ரிக்ஸில் இருந்தது. பெயர் சாலிட்டேர். பறக்கத் தெரியாது. பூதாகரமான நில ஆமைகள் இரண்டு வகை இருந்தன. 1691-ல் இந்தத் தீவில் வந்து தங்கிய பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா லெகுவா, ஆமைகளின் முதுகு மேலேயே கால் வைத்து நூறு காலடி தூரத்துக்கும் மேல் நடக்கலாம் என்கிற அளவுக்கு அவை கூட்டமாக இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார்.

இன்று அந்தப் பறவையும் இல்லை, அந்த ஆமைகளும் இல்லை. 18-ம் நூற்றாண்டில் கப்பல்காரர்கள் ஆமைகளை இறைச்சிக்காக ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆமைக்குச் சாப்பாடு போடாமலேயே பல நாள் உயிரோடு வைத்திருக்கலாம். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் கப்பலுக்கு அதைவிட வசதியான இறைச்சி உண்டா? அப்புறம் மனிதர்கள் குடியேறினார்கள். காட்டை எரித்து விவசாயம் செய்தார்கள். ஆடு மாடுகள் வந்தன. வெளியூர்ச் செடிகள் வந்து இடத்தைப் பிடித்தன. சொந்த ஊர்க் காடு கிட்டத்தட்ட காலியானது.

அந்தக் காட்டோடு சேர்ந்து காணாமல் போனதாக நினைக்கப்பட்டதுதான் நம் கதாநாயகன்.

பெயர், காட்டுக் காப்பி

உள்ளூர்ப் பெயர் 'கஃபே மரோன்'. 'கஃபே' என்றால் காப்பி. 'மரோன்' என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. தோட்டங்களிலிருந்து தப்பித்துக் காட்டுக்குள் ஓடிப்போன அடிமைகளை அந்தக் காலத்தில் இந்தச் சொல்லால்தான் குறிப்பிட்டார்கள். மெல்ல மெல்ல, காட்டில் தன்னிஷ்டத்துக்கு வளரும் செடிகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, நம் மொழியில் 'காட்டுக் காப்பி' என்று வைத்துக்கொள்ளலாம். தாவரவியல் பெயர் ராமோஸ்மேனியா ரோட்ரிகேசி.

இது நாம் குடிக்கும் காப்பி கிடையாது. ஆனால், காப்பிச் செடி இருக்கும் அதே குடும்பம். நம் வீட்டு வாசலில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் இட்லிப்பூவும் இந்தக் குடும்பம்தான். வயல் ஓரத்தில் நிற்கும் நுணா மரமும் இதே குடும்பம். கஃபே மரோன் பூ வெள்ளையாக, ஐந்து இதழோடு, நட்சத்திரம் மாதிரி இருக்கும். இலைகள் கரும்பச்சை, பளபளப்பு. இது ஒரு சிறு மரம் அல்லது புதர் என்று சொல்லலாம்.

கண்டுபிடித்ததே ஆபத்தாகிவிட்டது

செடி கிடைத்துவிட்டது என்ற செய்தி தீவில் பரவியது. நல்லதுதானே என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஏனென்றால், கஃபே மரோனுக்கு உள்ளூரில் ஒரு பேர் இருந்தது. முந்தின நாள் குடித்த சரக்கின் தலைவலியைப் போக்கும், பால்வினை நோய்களைக் குணமாக்கும் என்று மக்கள் நம்பினார்கள். அவ்வளவு நாள் கிடைக்காத மருந்து இப்போது கிடைக்கிறது என்றால் சும்மா விடுவார்களா? இலையைப் பறித்தார்கள், கிளையை ஒடித்தார்கள்.

அதிகாரிகள் வேலி போட்டார்கள். 'வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள் என்றால் நிச்சயம் சக்தி வாய்ந்த மருந்துதான்' என்று நம்பிக்கை இன்னும் கூடியது! வேலியைத் தாண்டி வந்து பறித்தார்கள். வேலிக்கு மேல் வேலி போட வேண்டியதாயிற்று.

அந்த மக்களைத் திட்டுவது சுலபம். ஆனால், அவர்கள் அந்தச் செடியை வெறுத்து அழிக்கவில்லை. அது தங்களுக்கு உதவும் என்று நம்பினார்கள். ஒரு செடி நிறைய இருக்கும்போது நாலு பேர் இலை பறித்தால் ஒன்றும் ஆகாது. ஒன்றே ஒன்று இருக்கும்போது, ஆளுக்கு ஒரு இலை என்றாலும் கதை முடிந்துவிடும்.

இப்படியே விட்டால் தாங்காது என்று, 1986-ல் அந்தச் செடியிலிருந்து சில கிளைத் துண்டுகளை வெட்டி, விமானத்தில் க்யூ பூங்காவுக்கு அனுப்பினார்கள். அதில் ஒன்று வேர் பிடித்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். வேர் பிடித்த செடியிலிருந்து இன்னும் துண்டுகள் வெட்டி நட்டார்கள். அவையும் வளர்ந்தன. பூக்கவும் ஆரம்பித்தன. பூ, பூ, பூவாகப் பூத்தன.

காய் மட்டும் வரவே இல்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை... பதினைந்து வருடங்களுக்கு மேல்!

அதான் நிறைய செடி ஆகிடுச்சே, அப்புறம் என்ன?

இந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருந்தால், இந்தக் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

வீட்டில் செம்பருத்தியோ முருங்கையோ எப்படி வைப்பார்கள்? ஒரு கிளையை ஒடித்து மண்ணில் நட்டுவிடுவார்கள். போத்து நடுவது என்போம். அந்தப் போத்து தழைத்து வந்தால் அது புதுச் செடி மாதிரி தெரியும். ஆனால், மரபணு அளவில் அது பழைய செடியேதான். ஒரே போட்டோவை நூறு பேருக்கு ஃபார்வேர்டு செய்தால் நூறு போட்டோ ஆகிவிடுமா? இருப்பது ஒரே போட்டோ, நூறு காப்பி. க்யூவில் இருந்தது அதுதான். எத்தனை தொட்டிகள் இருந்தாலும், ரோட்ரிக்ஸில் வேலிக்குள் நின்ற அந்த ஒற்றைச் செடியின் நகல்கள்தான் அவை.

நகலில் என்ன பிரச்னை? ஒரு நோய் வந்து ஒரு செடியைக் கொன்றால், அதே நோய் எல்லாச் செடியையும் கொல்லும். எதற்குமே வேறு மாதிரியான எதிர்ப்பு சக்தி இருக்காது. வெயில் கூடினாலும் மழை குறைந்தாலும் எல்லாம் ஒரே மாதிரிதான் திணறும். அதோடு, ஆள் வைத்து வெட்டி நட்டால்தான் அடுத்த செடி. மனிதன் ஒரு நாள் மறந்துவிட்டால் அந்த இனம் முடிந்தது. காட்டில் தானாகப் பரவ அதற்கு விதை வேண்டும்.

அதனால்தான் தாவரவியலாளர்கள் இந்த மாதிரி இனங்களை 'நடமாடும் பிணம்' என்கிற அர்த்தத்தில் 'உயிரோடு இருக்கும் இறந்தவை' என்பார்கள். கேட்கவே சங்கடமாக இருந்தாலும் சரியான பெயர். உடம்பு உயிரோடு இருக்கிறது. இனம் முடிந்துவிட்டது.

இதே மொரீஷியஸில் இன்னொரு உதாரணமும் உண்டு. கியூர்பீப் என்ற ஊரின் தாவரவியல் பூங்காவில் ஒரு பனை வகை மரம் நிற்கிறது. ஹயோஃபோர்ப் அமாரிகாலிஸ் என்று பெயர். அந்த இனத்தில் உலகத்திலேயே அறியப்பட்ட ஒரே மரம் என்று பல பத்தாண்டுகளாக அதைத்தான் சொல்லிவந்தார்கள். அதில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் வரும். ஆனால், ஒரே நேரத்தில் வராது. ஆண் பூ தயாராகும்போது பெண் பூ தயாராக இல்லை. ஜோடி மரம் ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் இது பிரச்னையே இல்லை. தனியாக இருப்பதுதான் பிரச்னை.

ஒரு பூவுக்குள் என்ன சண்டை?

2000-களின் தொடக்கத்தில் க்யூவுக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். ஸ்பெயின் நாட்டுக்காரர், பெயர் கார்லோஸ் மக்தலேனா. அதற்கு முன்பு ஹோட்டல் வேலையெல்லாம் பார்த்தவர். காய்க்காத கஃபே மரோன் அவரைத் தூங்கவிடவில்லை.

அவர் என்ன செய்தார் என்று புரிய, பூவின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். பள்ளி அறிவியல் புத்தகத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பூவின் அடியில் சூற்பை. விதையாக மாறப்போகும் சூல்கள் அதற்குள் இருக்கும். சூற்பையிலிருந்து மேலே ஒரு மெல்லிய தண்டு நீளும். அது சூலகத்தண்டு. தண்டின் நுனியில் இருப்பது சூலகமுடி. மகரந்தத் தூள் சூலகமுடியில் விழுந்தால், அங்கிருந்து ஒரு நுண்ணிய குழாய் முளைத்து, தண்டு வழியாகக் கீழே இறங்கி, சூலைத் தொடும். அப்போதுதான் விதை உருவாகும். இதை நேரில் பார்க்க ஆசையா? ஓர் இட்லிப்பூவைக் கையில் எடுங்கள். நாலு இதழுக்கு நடுவே மெல்லிய குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சூலகத்தண்டு, அதன் நுனிதான் சூலகமுடி. கஃபே மரோனின் சொந்தக்காரப் பூ என்பதால் பாடம் நடத்த வசதியானது.

சூலகமுடி என்பது சும்மா ஒரு மேடை இல்லை. அது ஒரு வாட்ச்மேன். வேறு இனத்தின் மகரந்தம் வந்தால் உள்ளே விடாது. பல செடிகளில், தன் சொந்த மகரந்தத்தையே உள்ளே விடாது. சொந்தத்துக்குள்ளேயே கலந்தால் அடுத்த தலைமுறை பலவீனமாகும் என்பதால் இயற்கை வைத்த பூட்டு அது. பக்கத்தில் நூறு செடி இருக்கிற காட்டில் இந்தப் பூட்டு ஒரு வரம். உலகத்தில் ஒரே செடி என்றால் அதே பூட்டுதான் சாபம்.

கஃபே மரோனில் மகரந்தம் தாராளமாக இருந்தது. வாட்ச்மேன்தான் கதவைத் திறக்கவில்லை. மக்தலேனா யோசித்தார்: கதவு திறக்கவில்லை என்றால், கதவையே எடுத்துவிட்டால்?

பூவின் சூலகமுடியை வெட்டி எடுத்தார். வெட்டிய தண்டின் முனையில் நேரடியாக மகரந்தத்தை வைத்தார். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு பூவில், இரண்டு பூவில் நடக்கவில்லை. பூவுக்குப் பூ, நாளுக்கு நாள், திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். உதிர்ந்துகொண்டே இருந்தன.

கடைசியில் ஒரு பூவின் அடிப்பகுதி மெல்ல வீங்கியது. அது 2003. ஒரு காய்! அதற்குள் ஒரு சில விதைகள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த விஷயமே இதுதான். பெரிய ஆய்வகம், கோடிக்கணக்கில் மெஷின் என்று எதுவும் இல்லை. ஒரு சின்ன பிளேடும், பொறுமையும், 'முடியாது' என்பதை நம்ப மறுத்த ஒரு மனசும்தான். பின்னாளில் அவருக்கு ஸ்பெயின் பத்திரிகை ஒன்று 'தாவரங்களின் மீட்பர்' என்கிற அர்த்தத்தில் பட்டம் கொடுத்தது. 2017-ல் அதே பெயரில் அவர் எழுதிய புத்தகமும் வந்தது.

ஆமைக்குப் பயந்த இலை

விதைகளை முளைக்க வைத்தார்கள். முளைத்த கன்றுகளைப் பார்த்தால், அம்மா செடியின் சாயலே இல்லை. அம்மாவின் இலை கரும்பச்சை, அகலம், பளபளப்பு. பிள்ளைகளின் இலையோ நீளமாக, ஒல்லியாக, பழுப்பும் பச்சையும் கலந்து, காய்ந்த குச்சி மாதிரி! செடி கொஞ்சம் உயரமாக வளர்ந்த பிறகுதான் அம்மா மாதிரி இலை விடும்.

ஏன் இந்த மாறுவேடம்? தாவரவியலாளர்கள் சொல்லும் விளக்கம் சுவாரஸ்யமானது. முன்பு பார்த்தோமே, அந்த பூதாகரமான ஆமைகள். அவற்றின் கழுத்து எட்டும் உயரம் வரைக்கும் இருக்கும் தளிர்களுக்கு ஆபத்து. அதனால், சின்ன வயதில் 'நான் காய்ந்த குச்சி, என்னில் தின்ன ஒன்றுமில்லை' என்று செடி நடிக்கிறது. ஆமைக்கு எட்டாத உயரம் வந்ததும் வேடத்தைக் கலைத்துவிடுகிறது. மொரீஷியஸ் பகுதித் தீவுகளில் இப்படி இளமையில் ஓர் இலை, முதுமையில் ஓர் இலை என்று இருக்கும் செடிகள் பல உண்டு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த ஆமைகள் அழிந்து இரண்டு நூற்றாண்டு ஆகிவிட்டது. லண்டனில் ஒரு கண்ணாடி வீட்டுக்குள், தொட்டியில் முளைத்த கன்று, இன்னமும் அந்த ஆமைக்குப் பயந்து ஒளிந்துகொள்கிறது!

இந்த வேடம் ஆமையிடம் பலித்திருக்கலாம். மனிதன் கொண்டுவந்த ஆட்டிடம் பலிக்கவில்லை. ஆடு பார்த்து மயங்காது, முகர்ந்து கடித்துவிடும். பின்னங்காலில் நின்று உயரத்தில் இருப்பதையும் எட்டும். தீவுச் செடிகள் ஏன் இவ்வளவு சுலபமாக அழிகின்றன என்பதற்கு இதுவே பதில். அவை சோம்பேறிகள் இல்லை. தங்கள் ஊர் எதிரிக்கு லட்சக்கணக்கான வருடம் தயாரானவை. வெளியூரிலிருந்து புது எதிரி திடீரென்று கப்பலில் வந்து இறங்கினால், தயாராக அவகாசம் கிடைப்பதில்லை.

சரி, பிள்ளைகள் எல்லாம் நலமா?

ஒரே செடியின் மகரந்தம், அதே செடியின் சூல். அப்பாவும் அம்மாவும் ஒன்றேதான். அப்படியென்றால் பிள்ளைகளும் நகல்தானே என்று கேட்கலாம். இல்லை. ஒரு சீட்டுக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டுதான். ஆனால் கலைத்துப் போட்டால் ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு சீட்டு வரும். விதை உருவாகும்போது மரபணுக்கள் அப்படித்தான் கலைக்கப்படுகின்றன. அதனால் பிள்ளைகளுக்குள் வித்தியாசம் உண்டு. இந்தப் பிள்ளைச் செடிகளில் சிலவற்றின் பூக்கள் அம்மாவின் பூவைப் போல இல்லாமல், மகரந்தத்தை ஏற்றுக் காய்க்கும் வகையில் இருந்தன. அதன் பிறகு விதை கிடைப்பது முன்பு மாதிரி அதிசயமாக இல்லை.

ஆனால், கட்டில் இல்லாத சீட்டு எத்தனை தடவை கலைத்தாலும் வராது. மற்ற கஃபே மரோன் செடிகள் அழிந்தபோது அவற்றோடு போன மரபணுக்கள் போனதுதான். அதைத் திரும்பக் கொண்டுவர எந்த விஞ்ஞானியாலும் முடியாது. 'கடைசி நிமிடத்தில் காப்பாற்றிவிட்டார்கள்' என்று நாம் கைதட்டும் ஒவ்வொரு கதையிலும் இந்த இழப்பு ஒளிந்திருக்கிறது. நூறு செடி இருக்கும்போது ஒரு வேலி போட்டிருந்தால் இவ்வளவு பாடு தேவைப்பட்டிருக்காது.

க்யூவில் கிடைத்த விதைகளும் கன்றுகளும் திரும்ப ரோட்ரிக்ஸுக்குப் போயின. ஆனால், திரும்பிப் போக அங்கே காடு வேண்டுமே? அதற்கான வேலையும் நடக்கிறது. மொரீஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, அங்கிருக்கும் கிராண்ட் மோன்டான் காப்புக்காட்டில் வெளியூர்ச் செடிகளைப் பிடுங்கிவிட்டு, சொந்த ஊர்ச் செடிகளை நட்டு வளர்க்கிறது. இன்னொரு பக்கம், 2007-ல் பிரான்சுவா லெகுவா பெயரிலேயே ஒரு காப்பகம் திறந்தார்கள். அங்கே உள்ளூர்ச் செடிகளை நட்டு, வேறு தீவுகளைச் சேர்ந்த பெரிய ஆமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். செத்துப்போன ஆமை வராது. ஆனால், அது செய்த வேலையை அதன் சொந்தக்காரர்கள் செய்கிறார்கள்.

காட்டில் நட்ட கஃபே மரோன், மனிதர் கைபடாமல் பூத்து, காய்த்து, விதை விழுந்து, அந்த விதையிலிருந்து ஒல்லி இலையோடு ஒரு கன்று தானாக எழுந்து நிற்க வேண்டும். அன்றுதான் இந்த இனம் பிழைத்தது என்று சொல்ல முடியும். அதுவரை தோட்டக்காரர்களின் கை தேவை.

உங்க மொபைலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கு. 1980-ல் ரோட்ரிக்ஸில் நடந்ததை மறுபடி யோசியுங்கள். அந்தச் செடி எங்கே இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிந்ததும், அதன் கிளைகள் ஒடிய ஆரம்பித்தன. அன்று செய்தி வாய்வழியாகப் போனது. இன்று ஒரு ரீல்ஸ் போதும்.

அடுத்த முறை டிரெக்கிங் போகும்போது அரிய பூ ஒன்றைப் பார்த்தால் போட்டோ எடுங்கள், தாராளமாகப் போடுங்கள். லொக்கேஷனை மட்டும் ஆஃப் செய்துவிடுங்கள். அரிய ஆர்க்கிட்களின் இடத்தைத் தாவரவியலாளர்கள் வெளியே சொல்லாததற்குக் காரணம் இதுதான். 'இது அந்த நோய்க்கு மருந்து' என்று ஒரு காட்டுச் செடியைப் பற்றி ஃபார்வேர்டு வந்தால், உண்மையா பொய்யா என்பதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: எல்லோரும் போய்ப் பறித்தால் அந்தச் செடி தாங்குமா? நர்சரியில் வாங்க முடிந்ததைக் காட்டிலிருந்து பிடுங்கிவராதீர்கள்.

ஆங்... இன்னொன்று. ரோட்ரிக்ஸில் அன்று அந்தச் செடியைக் கண்டுபிடித்தது எந்த விஞ்ஞானியும் இல்லை. ஓர் ஆசிரியர் கொடுத்த வீட்டுப்பாடமும், தன் ஊர்ச் செடியை அடையாளம் தெரிந்த ஒரு பையனும்தான். நீங்கள் தினமும் நடந்து போகும் தெருவில், கல்லூரி மதில் ஓரத்தில், எத்தனை செடிகளுக்கு உங்களுக்குப் பெயர் தெரியும்? இந்த வாரம் ஒரே ஒரு செடியின் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கமென்ட்டில் சொல்லுங்களேன்!